சுவரில் குறைந்த இரண்டு கோடுகள்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், தீபத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு ஜப்பான் அக்கா குடிவந்தாள். தினமும் விடிவதற்குள் செருப்பில்லாமல் மலை சுற்றக் கிளம்புவாள். பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, மாடிப்படிச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள். நூற்றெட்டு சுற்று வேண்டுதல். முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவாள்.

எங்கள் பால்காரரும் சுவரில் கோடு போடுகிறவர்தான். ஆனால் அவருடையவை வெறும் கோடுகள். இவளுடையவை ஐந்து சேர்ந்தால் ஓர் எழுத்தாகிவிடும்: 正. அர்த்தம் கேட்டேன். கையிலிருந்த குட்டி அகராதியைப் புரட்டி, "சரி" என்றாள். எண்ணிக்கொண்டே போகும்போது ஐந்துக்கு ஒரு தரம் 'சரி' என்று சொல்லுகிற எழுத்தை நினைத்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

சாயங்காலங்களில் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டுவாள். மூன்று முனையோடு நின்றால் மலை. ஒரு மரம் மரம், இரண்டு தோப்பு, மூன்று காடு. எங்கள் டீச்சர் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் பிரம்பைக் காட்டித்தான் படிக்கவைத்தார். அதில் ஒன்றுகூட மரம் மாதிரி இல்லை. இவளை ஊருக்குப் போகவிடக் கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

புதிதாகப் போட்ட கோட்டை அழித்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் என் பெரிய மூளையைக் கசக்கி, ஏற்கெனவே முடிந்த ஓர் எழுத்தில் நடுவிலிருந்த குட்டிக் கோட்டை எச்சில் தொட்ட விரலால் துடைத்தேன். மலை சுற்றிவிட்டு வந்தவள் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். படியில் உட்கார்ந்து சத்தமாக வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். பிறகு அன்றைய கோட்டை அந்த இடைவெளியிலேயே போட்டாள். ஏமாந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் இன்னோர் எழுத்திலும் அதே வேலையைச் செய்தேன்.

கடைசி வாரத்தில் அவள் பாதமெல்லாம் கொப்புளம். அம்மாதான் மஞ்சள் குழைத்துப் போட்டபடி அவளைக் கேட்டாள்.

"ஏம்மா, இன்னியோட நூத்தியெட்டு முடியணுமே. நானும் காலண்டர்ல பாத்துக்கினுதான வரேன்."

"சுவர்ல ரெண்டு கம்மி."

"சுவரு கெடக்குது. காலைப் பாரு, எப்படி வெடிச்சிருக்குதுனு."

அவள் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளம்பிய அன்று கரித்துண்டை என்னிடம் கொடுத்து, என் கையைப் பிடித்து அந்த எழுத்தை எழுதவைத்தாள். மூன்றாவதாகக் குட்டிக் கோடு வந்தபோது மட்டும் நிறுத்தி, விரலை ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனாள். பிரியும் நேரத்துப் பாசம் என்று நினைத்து அழுதேன்.

பல வருடம் கழித்து, சென்னையில் என் கம்பெனி என்னை ஜப்பானிய வகுப்புக்கு அனுப்பியது. ஆசிரியை பலகையில் அதே எழுத்தை எழுதினார். "வரிசை மாறவே கூடாதுங்க. மூணாவது கோடு போடாம நாலாவது போட மாட்டாங்க. அங்க சின்னப் பசங்களுக்கே தெரியும்."

என் பேனா நின்றுவிட்டது. மூன்றாவது இல்லாமல் நான்காவதும் ஐந்தாவதும் நிற்கிற எழுத்தைப் பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்திருக்கும், யாரோ துடைத்திருக்கிறார்கள் என்று. யார் என்றும் தெரிந்திருக்கும். கரித்துண்டால் ஒரு நொடியில் அதைச் சரிசெய்திருக்கலாம். அவள் அந்தக் கொப்புளக் காலோடு இன்னும் இரண்டு தரம் மலையைச் சுற்றினாள், நான் அவளை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வதற்காக.