ஐபெரியின் இடக்கண்

பெய்ஷெனிடம் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கடவுச்சீட்டுப் புகைப்படம் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால், யாருடைய திருமணத்திலோ கூட்டத்துக்கு நடுவே அரைமுகம் தெரியும்படி எடுத்த ஒரு படம் இருக்கும். அதைப் பட்டறையில் கிடக்கும் கறுப்புக் கல்லின்மேல் வைத்துவிட்டு, இறந்தவரின் மகனோ மனைவியோ கல்லறைக் கல்லில் முகம் எப்படி வர வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். தலைக்கு வெள்ளைக் கம்பளித் தொப்பி வேண்டும், கோட்டு வேண்டும், கன்னம் இவ்வளவு ஒட்டியிருக்க வேண்டாம், உதட்டில் சற்றே சிரிப்பு இருந்தால் நல்லது. பெய்ஷென் எல்லாவற்றுக்கும் தலையசைப்பார். குடித்துவிட்டு மனைவியின் கையை முறித்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, அதே மனைவி வந்து, முகம் சாந்தமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் சாந்தத்தைக் கொடுத்தார். கிர்கிஸ் ஊரான சாரி-புலாக்கின் மையவாடியில், அந்த முஸ்லிம் இடுகாட்டில், இன்றைக்கும் அந்த ஓட்டுநரைப் போலச் சாந்தமான முகம் வேறு ஒருவருக்கும் இல்லை.

வண்ணத்தில் வரைவதும் உண்டு. அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடுகிற தலைமையாசிரியர்களும் கால்நடை மருத்துவர்களும் திரைச்சீலையில் தங்களை வரையச் சொல்வார்கள். ஆயினும் சோறு போட்டது கல்தான். வைரமுனை ஊசியால் வழவழப்பான கறுப்புக் கல்லைக் கொத்தக் கொத்த, கொத்திய இடம் வெளுக்கும். நெற்றி, மூக்கு, நரை எல்லாம் அப்படிப் புள்ளி புள்ளியாக எழும். கண்மணியை மட்டும் கொத்தக் கூடாது. ஊசி தொடாமல் விட்ட கறுப்புதான் பார்வை. ஒரு புள்ளி தவறி விழுந்துவிட்டால் அழிக்க வழியில்லை. முகம் முழுவதையும் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அவருடைய மகள் ஐபெரி மூளைக்காய்ச்சலில் இறந்தபோது அவளுக்கு வயது பதினொன்று. கல்லை அவரே செய்தார். பிறவியிலேயே அவளுடைய இடக்கண் மூக்குப் பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காக அவளைக் கேலி செய்வார்கள். அவளோ, ஒரே சமயத்தில் ஏரியையும் மலையையும் தன்னால் பார்க்க முடியும் என்று அவர்களிடம் பெருமையடித்துவிட்டு வருவாள். கல்லில் அந்தக் கண்ணைப் பெய்ஷென் நேராக்கினார். கேலி கல்லறை வரைக்கும் போக வேண்டாம் என்று நினைத்தார். அவருடைய மனைவி சாய்ரா கல்லைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாரு பொண்ணு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மையவாடிக்குப் போனால் கல்லுக்குப் பின்புறம் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவாள்.

அது நடந்து இரண்டாண்டுகள் கழித்துக் கராகோல் நகரத்தில் ஒரு வீட்டுக்குப் பெய்ஷென் போக நேர்ந்தது. இறந்திருந்தவள் தையல்காரி. அவளுடைய மேலுதட்டில் சிறுவயதில் கொதிநீர் பட்ட வடு இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று வழக்கம்போல் அவரே முந்திக்கொண்டு கேட்டார். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அவளைப் படைத்தவருக்கு அவளை அந்த வடுவோடுதான் தெரியும், நாம் எதற்கு மாற்ற வேண்டும் என்று அவளுடைய கணவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். அவர்கள் கிர்கிஸ்காரர்கள்தாம், ஆனால் ஈசா என்று அவர்கள் சொல்லும் இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள். பெய்ஷென் அந்த வடுவைக் கொத்தி முடித்த அன்று கல்லின்மேல் கவிழ்ந்து அழுதார். வடுவையும் மாறுகண்ணையும் அறிந்து, அப்படியே வைத்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறார் என்றால் அவரிடம் போய்விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மறு கோடையில் ஏரித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றார்.

சாய்ரா அவரோடு போகவில்லை. மகள் எந்தத் தொழுகையோடு மண்ணுக்குள் போனாளோ அதை விட்டுத் தான் எங்கும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். அவருடைய அண்ணன் எசென்குல் மூன்று குளிர்காலங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஊரார் அவரை ஈசாவின் ஆள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்; முகத்துக்கு முன்னால் புகைப்படத்தை நீட்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் கல்லில் முகம் எடுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அவரும் முன்போலவே கன்னத்தை நிரப்பினார், சிரிப்பை வைத்தார். வாடிக்கையாளரிடம் வேதம் பேசினால் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அதற்காக மனம் உறுத்தும். திங்கட்கிழமை ஊசியை எடுத்தால் உறுத்தல் அடங்கிவிடும்.

பின்னர் இருமல் வந்தது. நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது என்று மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இனிமேல் கல்லைத் தொட்டால் வேனிற்காலத்தைப் பார்க்க மாட்டீர்கள், தொடாவிட்டால் ஒருவேளை பார்க்கலாம் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பட்டறை பூட்டப்பட்டது. மூக்கில் குழாயும் கட்டிலருகே பிராணவாயு நிரப்பிய காற்று உருளையுமாகப் பெய்ஷென் வீட்டுக்குள் ஒடுங்கினார்.

சாவைவிட அவரை வாட்டியது வேறொன்று. ஐபெரியின் கல்லுக்கு வலப்பக்கம் இரண்டு ஆள் படுக்கும் இடத்தைக் குடும்பம் விட்டுவைத்திருந்தது. ஒன்று அவருக்கு, மற்றொன்று சாய்ராவுக்கு. ஆனால் முந்தின இலையுதிர்காலத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கச்கின் என்ற முதிய ஈசா விசுவாசி இறந்தபோது என்ன நடந்தது என்பதை அவர் நேரில் பார்த்திருந்தார். அந்த ஊரார் மையவாடிக் கதவைத் திறக்கவில்லை. உடலை ஏற்றிய வண்டி நாள் முழுவதும் சாலையில் நின்றது. கடைசியில் நகரத்துக்கு வெளியே, ரஷ்யர்கள் முன்பு புதைத்து வந்து இப்போது யாரும் வராத கல்லறைத் தோட்டத்தின் மூலையில் கச்கினைக் கிடத்தினார்கள். அன்று குழிவெட்டியவர்களில் பெய்ஷெனும் ஒருவர்.

இதையெல்லாம் எசென்குலும் அறிவார். பனி இளகத் தொடங்கிய நாள் ஒன்றில் அவர் வந்தார். சாய்ரா பால் கலந்த தேநீரும் பொரித்த மாவுருண்டைகளும் வைத்தாள். தம்பியின் மூக்குக் குழாயைப் பார்க்காமல், கம்பளம் தொங்கிய சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் தம் திட்டத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை இமாமை அழைத்து வருவார். தம்பி மனம் மாறிவிட்டான், தம் காதுபட இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவைச் சொன்னான் என்று தாமே சொல்லிவிடுவார். பெய்ஷென் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மறுக்காமல் இருந்தால் போதும்.

"பொய் சொல்லப்போறீங்களாண்ணே?"

"நான்தானே சொல்றேன், உனக்கென்ன? நீ வாயே திறக்காத. உனக்குத்தான் மூச்சு வாங்குதே, யாரு உன்னப் பேசச் சொல்லிக் கேக்கப்போறா?"

"அப்புறம் ஜனங்க அத நெசம்னு..."

"ஜனங்களப் பத்தி நீ பேசாத. ஊர்ல செத்தவன் அத்தனை பேருக்கும் இல்லாத அழகைப் போட்டுக் குடுத்தவன் நீ. அந்த டிராக்டர்காரன் மூஞ்சிய மகான் மூஞ்சி கணக்கா ஆக்கிவச்சிருக்க. அதெல்லாம் என்ன, சத்தியமா? எல்லாருக்கும் நீ செஞ்சத உனக்கு ஒரு தடவ நான் செய்யறேன்."

எசென்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருடைய குரல் தணிந்தது.

"உன்னத் தூக்கறதுக்கு முன்னாடி நான்தான்டா எழுந்து நின்னு கேக்கணும், என் தம்பி எப்படிப்பட்ட மனுஷன்னு. ஊரே சேந்து நல்ல மனுஷன்னு சொல்லணும். அப்பாவுக்கு அப்படித்தான் கேட்டோம். உனக்கு எங்க நின்னு கேப்பேன்? அந்த ரஷ்யன் காட்டுலயா? அங்க யாருடா பதில் சொல்லுவா?"

அவர் போன பிறகு சாய்ரா கிண்ணங்களைக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு, கணவரின் முகத்தைப் பார்க்காமலேயே, பெரியவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை என்றாள். தான் எப்படியும் மகளிடம்தான் போகப்போவதாகவும், அவரும் அங்கே வந்துவிட்டால் மூவரும் ஒரே இடத்தில் கிடக்கலாம் என்றும் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் ஜெபம் செய்ய முயன்றார். டிராக்டர் ஓட்டுநரின் சாந்தமான முகம்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் இமாம் ரிஸ்பெக் வந்தார். வயதில் சிறியவர், பெரியவர்கள் முன்னிலையில் குரலை உயர்த்தத் தெரியாதவர். கல்லில் முகம் எடுப்பது கூடாது என்று பள்ளிவாசலில் அடிக்கடி சொல்வார். ஆனால் அவருடைய தகப்பனார் இறந்தபோது அவருடைய தாயார் யாருக்கும் சொல்லாமல் பெய்ஷெனிடம் வந்து முகம் எடுத்த கல்லுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எசென்குல் தாம் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லி முடித்தார். அவருடைய பொய்யில் ஒரு சுருக்கமும் இல்லை. இமாமின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. அவருக்கும் ஒரு பிணம் சாலையில் நிற்பதைப் பார்க்க விருப்பமில்லை என்பது அந்த நிம்மதியில் தெரிந்தது. ஆயினும் முறைக்காக அவர் கட்டிலுக்கு அருகில் குனிந்தார்.

"அப்படித்தானே, பெய்ஷென் அண்ணே?"

தலையைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் போதும். சாய்ரா கதவருகே நின்றாள். பெய்ஷென் அவளைப் பார்த்தார். பதினொரு வயதுப் பிள்ளையின் கண்ணை நேராக்கி அவள் முன்னால் தாம் கல்லை வைத்த நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் யாருக்கும் கெடுதல் நினைத்து அவர் அதைச் செய்யவில்லை. அண்ணனும் இன்றைக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சரிசெய்த முகத்தோடு ஒருவன் மண்ணுக்குள் போனால் அவனை யாருக்கு அடையாளம் தெரியும்?

"இல்ல தம்பி. நான் சொல்லல. நான் ஈசாவோட ஆளு. அப்படியேதான் இருக்கேன்."

அவருக்கு மூச்சு இரைத்தது. இமாம் நிமிர்ந்தார், தரையைப் பார்த்தார், தாம் கேட்டிருக்கவே கூடாது என்பதுபோல் ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியேறினார். எசென்குல் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவ வாய மூடிட்டு இருன்னேன். அது முடியல உனக்கு. போ. உன் ஈசா வந்து குழிவெட்டட்டும்."

சாய்ரா அவரோடு சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சோறு வைத்தாள், குழாயைத் துடைத்தாள், முதுகைத் தடவினாள். நான்கு நாள் கழித்து, மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, ஏதோ விலை விசாரிப்பவளைப் போலக் கேட்டாள்.

"அப்ப நான் அவகிட்டப் போறேன். நீங்க அங்க தனியாக் கிடப்பீங்க. அப்படித்தானே முடிவு?"

"அப்படித்தான் ஆச்சு."

"ஆச்சு இல்ல. ஆக்கினீங்க."

மறுநாள் காலையில் பெய்ஷென் பட்டறைச் சாவியைக் கேட்டார். அவள் தரவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, காற்று உருளையை இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய், பூட்டின்முன் உட்கார்ந்துகொண்டார். அவள் வந்து திறந்துவிட்டாள். அவர் சிறிய கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஊசியை எடுத்தார். புகைப்படம் தேவைப்படவில்லை. காலையில் சிறிது நேரம் கொத்துவார். மீதி நேரமெல்லாம் இருமுவார். துணியில் இரத்தம் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. சாய்ரா இரண்டு முறை ஊசியைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள்; இரண்டு முறையும் தானே கொண்டுவந்து கொடுத்தாள். வாதுமை மரங்கள் பூக்கும் சமயத்தில் கண்கள் மட்டுமே மீதியிருந்தன. வலக்கண்ணின் மணியை நேராக விட்டார். இடக்கண்ணின் மணியை மூக்குப் பக்கமாகத் தள்ளி விட்டார்.

சாய்ரா வந்து நின்றாள். தலைத்துணியின் நுனியால் கல்லின் தூசியைத் துடைத்தாள். அந்த இடக்கண்ணின்மேல் அவளுடைய விரல் நின்றது.

"இவதான்" என்றாள்.

அவள் எசென்குலின் வீட்டுக்குப் போய் வண்டியைக் கேட்டாள். அவளிடம் அவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. ஆனால் வண்டியோடு அவரே வந்தார். தம்பியிடம் பேசவில்லை. கல்லை ஏற்றும்போது மட்டும் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். சிறுமி உயிரோடிருந்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனவர் அவர். மையவாடிக்கு மேட்டுப்பாதை; பெய்ஷெனால் ஏற முடியாது. அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர்கள் கிளம்பும்போது, பழைய கல்லைப் பிடுங்கித் திரும்பக் கொண்டுவரும்படி சாய்ராவிடம் கேட்டுக்கொண்டார். அதன் முன்பக்கம் கெட்டுப்போனாலும் பின்பக்கம் வழவழப்பாகத்தான் இருந்தது. தமக்கு அது போதும் என்றார்.

மாலையில் பழைய கல் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் அதை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். பெய்ஷென் அதைப் புரட்டிவைக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு, வாழ்நாளெல்லாம் வாடிக்கையாளர்களைக் கேட்டதுபோலவே, மனைவியைக் கேட்டார்.

"சொல்லு. எப்படிப் போடட்டும்?"

சாய்ரா கல்லைப் பார்த்தாள். அவருடைய மூக்குக் குழாயைப் பார்த்தாள்.

"முகம் வேண்டாங்க. பேரு போதும். அவ்வளவு தூரம் வந்து உங்க முகத்தப் பாக்க எனக்கு யாரு வண்டி குடுப்பா?"

அவருக்கு அது சரியென்று பட்டது. வெள்ளைச் சுண்ணக்கட்டியை எடுத்து, கல்லின் நடுவே தம் பெயரின் முதல் எழுத்துக்கு நேர்கோடு கிழித்தார்.