முன்பக்கம் கேட்க மறந்த கேள்வி

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் முன்பக்கம் என்றே கூப்பிடுவோம். நேருக்கு நேர் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய கார்களின் முன்பக்கத்தை மட்டுமே அவர் பழுது பார்ப்பார். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள், அவை அசையும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்கள், சக்கரம் திரும்ப உதவும் கிங்பின், ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு. இவற்றைத் தாண்டி அவர் கை போகாது. எஞ்சின் இருமுகிறது என்று யாராவது வந்து நின்றால், "அது வேற வீட்டு விவகாரம்ங்க, நான் தலையிடறதில்ல" என்று அடுத்த தெருவைக் காட்டிவிடுவார்.

தையல்காரரின் மகன். பதினேழு வயதில் பேருந்துப் பணிமனையில் சேர்ந்து, முன் அச்சுப் பிரிவில் பதினோரு வருடம் நான்கு மாதம் இருந்தார். ஒருநாள் கிங்பின் தேய்ந்த பேருந்து ஒன்றை வெளியே விடக் கூடாது என்று மறித்தார். மேற்பார்வையாளர் காதில் போட்டுக்கொள்ளாமல் அனுப்பிவிட்டார். மாலையில் பேருந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. பணிமனையே சிரித்தது. மறு வாரம் இவர் வேலையை விட்டுவிட்டார். "சக்கரம் கழண்டு விழுந்திருந்தா நான் சொன்னது சரி. விழலைன்னாலும் நான் சொன்னது சரிதான்" என்பார் இப்போதும்.

அதன் பிறகு என் வீட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டார். நடுவில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு பள்ளம், சுவரோரம் இரண்டு தட்டுகள். சிவப்புத் தட்டில் இடப்பக்கத்து நட்டுகள், வெள்ளைத் தட்டில் வலப்பக்கத்து நட்டுகள். இரண்டும் கலந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். நான் குடிநீர் நிலையத்தில் நீர்மட்டத்தை நோட்டில் பதிந்துவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர் பள்ளத்துக்குள் இருக்கும்போது மேலே அளவு பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் அவர் செய்த ஒவ்வொரு வேலையும் என் நோட்டுக்குள் வந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புது புஷ்களைப் பொருத்தியபின் வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடி கடைசி முறுக்கு முறுக்க மாட்டார். சக்கரங்களைத் தரையில் இறக்கி, அந்த வண்டியில் வழக்கமாகப் போகிறவர்களை ஏறி உட்காரச் சொல்லுவார். அந்த எடையில் வண்டி எந்த உயரத்துக்கு அமுங்குகிறதோ, அந்த உயரத்தில்தான் நட்டுகளை இறுக்குவார், டை ராடை நேராக்குவார். வேறு உயரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துவிடும், சக்கரமும் நேராக நிற்காது. ஆகவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "யார் யார் ஏறுவீங்க?" ஒரு பல் மருத்துவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். மற்ற நாளெல்லாம் அவர் தனியாகத்தான் மருத்துவமனை போகிறார் என்று தெரிந்ததும், மருத்துவரின் மனைவியையும் மாமியாரையும் இறக்கி என் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அந்த மாமியார் இன்றுவரை அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவருக்கும் ஒரு கார் இருந்தது. வெண்ணெய் நிறம், நான்கு கதவு, அவரைவிட ஆறு வயது மூத்தது. அவர் ஓட்ட, மனைவி பக்கத்தில் உட்கார, ஒரே மகள் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டே வளர்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தது. படித்து முடித்தால் கார் உனக்கு என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் பஸ்ஸில் போகிறார்கள், நீ மட்டும் என்ன என்று அவர் இரண்டு நாள் மழுப்பினார். பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முன்பக்கம் முழுவதையும் புதிதாக மாற்றுவார். அதன் பின் ஆலை மதிலை ஒட்டிய நேர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் மகள் ஓட்ட வேண்டும். நான்கு விளக்குக் கம்ப தூரத்தில் வண்டி ஒரு சாண் விலகினாலும் அவள் பஸ்ஸில் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலையில் சேர வேண்டும். திங்கள் காலை புறப்பட்டாக வேண்டும்.

முந்தைய திங்களன்று காலை 9.40க்கு வண்டியைத் தூக்கினார். இடது கிங்பின்னில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது, வலதில் ஒன்று. கீழ் புஷ்களில் இரண்டு, பழைய செருப்புபோல விரிந்து கிடந்தன. டை ராடு முனைகள் நான்கையும் மாற்றினார். ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்து, கழுவி, உள்ளே தேய்ந்திருந்த உருளையை மாற்றி, எண்ணெய் ஊற்றி மூடினார். மூன்று நாள் ஆயிற்று. மனைவி சாப்பாட்டைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு, "குடித்தனத்தையும் உள்ளேயே கொண்டு வந்துடவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வியாழக்கிழமை சக்கரங்களை இறக்கினார். மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். மனைவி முன்னால், மகள் பின்னால். ஓட்டுநர் இருக்கையில், அவர் எடைக்குச் சமமாக, என்னையும் ஒரு சக்கர டிரம்மையும் ஏற்றிவிட்டு அவர் கீழே படுத்து இறுக்கினார். மாலையில் மூவரும் ஏறி, அவரே ஓட்டிப் பார்த்தார். நான் கம்பங்களுக்கு நடுவே சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தேன். விலகல்: ஒன்றுமில்லை.

வெள்ளி காலை மகள் தனியாக ஓட்டினாள், நான் கோட்டருகே நின்று பார்த்தேன். நான்காவது கம்பத்தில் வண்டி கோட்டைவிட்டு இடப்பக்கம் நாற்பத்தொரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. ஒரு சாண் அல்ல, ஏறக்குறைய இரண்டு.

அவர் வண்டியை மறுபடி தூக்கினார். இடது புஷ்களில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டு வேறு ஜோடி போட்டார். மறுபடி எங்கள் மூவரையும் உட்கார வைத்து இறுக்கினார். மனைவி மகளோடு அவர் ஓட்டியபோது நேராகப் போனது. சனிக்கிழமை மகள் ஓட்டினாள். இடப்பக்கம் முப்பத்தெட்டு.

"வண்டியில ஒண்ணுமில்ல. உன் கைதான் சரியில்ல" என்றார்.

"என் கை வீலைத் தொடவே இல்லப்பா. பெரியப்பா பாத்துட்டுத்தானே இருந்தாரு" என்றாள் என்னைக் காட்டி.

நான் பார்த்தது உண்மைதான். அதைச் சொன்னேன். அவர் என்னையும் முறைத்தார். பெண்ணைத் தனியாக அனுப்ப மனம் வராமல் அவர் வேண்டுமென்றே ஏதோ செய்துவைத்திருக்கிறார் என்று மகள் நினைத்தாள் போலும். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய், அடுக்கிவைத்திருந்த பெட்டிகளைப் பிரித்துப் பஸ்ஸில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கொட்டகைவரை கேட்டது.

அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. பள்ளத்தின் படியில் உட்கார்ந்து, பழைய கிங்பின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் வேலை இப்படித் திரும்பி வந்து நான் எழுதியதில்லை.

காலி டம்ளரை எடுக்க வந்த அவர் மனைவி என் நோட்டை எட்டிப் பார்த்தார். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் நேரம், வேகம், விலகல், உள்ளே இருந்தவர்கள் என்று கட்டம் போட்டிருந்தேன். அந்த அம்மாள் விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார்.

"ஏங்க, நேராப் போனப்பல்லாம் நான் உள்ள இருந்திருக்கேன். இழுத்தப்பல்லாம் நான் இல்ல" என்றார்.

"அதனால?"

"என்னை எடைக்கல்லா உக்கார வச்சுத்தானே முறுக்கினீங்க? நானா அவகூடப் போறேன்?"

ஊரில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியைத் தம் வீட்டு வண்டிக்கு அவர் கேட்கவில்லை. அந்த வண்டியில் யார் ஏறுவார்கள் என்பது அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகவே இருந்ததில்லை. மனைவியின் எழுபத்தெட்டுக் கிலோ இல்லாதபோது இடப்பக்கம் மேலே எழும்பி நின்றிருக்கிறது. வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

கிங்பின்னைத் தட்டில் வைத்தார். வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டு, அது இடப்பக்கத்துடையது என்று கண்டு சிவப்புக்கு மாற்றினார். பிறகு வீட்டு வாசலில் போய் நின்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"அந்த வண்டியில யார் யார் ஏறுவீங்க?"

மகள் வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாடிக்கையாளருக்குரிய குரலில் பதில் சொன்னாள்: "நான் மட்டும்தாங்க. பின்னால ரெண்டு பெட்டி, ஒரு மின்விசிறி."

"அப்ப பெட்டியைக் கொண்டாந்து வை. மறுபடி அடுக்கு."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நட்டுகளைத் தளர்த்தினார். மகளின் ஐம்பத்திரண்டு கிலோ, பின்னால் பெட்டிகள், மின்விசிறி. பக்கத்து இருக்கை காலி. அம்மா பழக்கதோஷத்தில் முன்கதவைத் திறக்கப் போனார். "நீ இறங்கு" என்றார் அவர், அந்த அம்மாள் இன்னும் ஏறவே இல்லை என்பதைக் கவனிக்காமல். அந்த எடையில் நட்டுகளை இறுக்கி, டை ராடையும் அரைச் சுற்றுக்குக் குறைவாகத் திருப்பினார். 10.20க்கு மகள் தனியாக ஓட்டினாள். விலகல் நான்கு சென்டிமீட்டர். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். மூன்று.

"போயிட்டு வா" என்றார். நாளைக்கு என்று அவள் திருத்தினாள்.

திங்கள் 6.15க்குப் புறப்பட்டாள். மதியம் 1.50க்குப் போய்ச் சேர்ந்து போன் செய்தாள். அவர் முதலில் கேட்டது, ரோட்டில் ஸ்டீயரிங் எப்படி இருந்தது என்பது. இரண்டாவதாகச் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நான்கு மாதம் கழித்து அவள் விடுமுறையில் வந்தாள். மூவரும் காரில் ஏறிக் கடைவீதிக்குப் போனார்கள், அவர் ஓட்டினார். திரும்பி வந்து இறங்கியதும், வண்டி இப்போது வலப்பக்கம் இழுக்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, எப்போது தூக்கப் போகிறார் என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே" என்றார். "நாங்க ரெண்டு நாள்தான் ஏறுவோம்."

அதையும் தேதியோடு குறித்திருக்கிறேன். வேலை செய்யப்படவில்லை.