சுவருக்கு அந்தப் பக்கத்துப் பரங்கி

ஹெப்பகோடியில் பஸ் பஞ்சர். டயர் மாற்றும்வரை சாலையோர வீட்டு நிழலில் நிற்கிறேன். கையகல இடத்தில் மக்காச்சோளம், அதன் தண்டைச் சுற்றி அவரை, கீழே பரங்கிக்கொடி. வீட்டுக்காரம்மா குழம்புக்கு அவரைக்காய் பறிக்கிறார். பரங்கிக்கொடி குட்டைச் சுவரைத் தாண்டிவிட்டது. பூட்டிய பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பரங்கி பழுத்துக் கிடக்கிறது.

“அதைப் பறிக்கலையாம்மா?”

“அந்தப் பக்கம் காய்ச்சா அவங்களுது சார். எப்பவும் அப்படித்தான்.”

“வீடு பூட்டியிருக்கே?”

“ஃபாக்டரி மூடிட்டாங்க, ஊருக்குப் போயிட்டாங்க. வருவாங்க.”

அல்சூரில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளிலும் கொடிகள் இப்படித்தான் சுவர் தாண்டின. அங்கிருந்த எங்கள் பக்கத்து வீட்டார் இப்போது எங்கேயோ.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தன் பக்கம் தொங்கும் புதுக்கொடி நுனியை அந்தம்மா மெதுவாக எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் விடுகிறார்.