நாலு கே போதாது

அர்மாண்ட் கோடெட் கணினிக்கு நினைவகம் விற்றுப் பிழைத்தவர். மாசசூசெட்ஸில் கம்பளி ஆலைகள் மூடப்பட்டு, அதே கட்டடங்களில் கணினிக் கம்பெனிகள் குடியேறிய காலம் அது. ஆலைத் தொழிலாளியின் மகனான அவர் டை கட்டிக்கொண்டு அப்படி ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தார். ஃப்ரிட்ஜ் உயரத்தில் ஒரு மினிகம்ப்யூட்டரை நாலு கே, அதாவது நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து கொள்ளும் நினைவகத்தோடு கம்பெனி விற்கும். இன்றைய கைபேசிப் படமொன்றின் மூலைகூட அந்த நாலு கேயில் அடங்காது. பெட்டி போய் இறங்கிய மறுமாதம் அர்மாண்ட் போய் இறங்குவார்.

"நாலு கே போதாதுங்க. மெஷின் இருக்கு, அது உக்காந்து யோசிக்க இடம் வேணாமா?"

மரவாடி, ஆஸ்பத்திரி, சவப்பெட்டிக் கம்பெனி என்று போன இடமெல்லாம் இன்னொரு நாலு கே வாங்கிக்கொண்டார்கள். அவர் பொய் சொன்னதில்லை. கையேட்டிலேயே இயங்குதளத்துக்குக் குறைந்தது எட்டு கே வேண்டும் என்றுதான் போட்டிருந்தது.

ஓய்வு பெற்றதும் மீன் பிடிக்கப் படகு வாங்கினார். படகு ஆடியது, வயிறு குமட்டியது, மீன்கள் நிம்மதியாக இருந்தன. அந்தச் சமயத்தில் ஸ்டான் வோய்சிக் போன் செய்தார். அதே கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். பழைய கணினிகளைத் தட்டி எழுப்பும் கிளப் ஒன்றை ஒரு காலி ஆலையில் நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நிலவறை ஒன்றில் ஒரு மெஷின் கிடப்பதாகவும், தூக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். தூக்கப் போன அர்மாண்ட் அங்கேயே தங்கிவிட்டார்.

திறந்து பார்த்தால் உள்ளே வெறும் நாலு கே. அவர் பேச்சைக் கேட்காத ஒரே வாடிக்கையாளர் அந்தப் பள்ளிக்கூடம்தான் போலிருக்கிறது.

"எங்கிட்ட இன்னொரு நாலு கே போர்டு இருக்கு. கொண்டாந்து மாட்டிடறேன்," என்றார் ஸ்டான்.

"வேணாம். நாலுலயே ஓட்டிப் பாப்போம்."

ஸ்டானுக்குக் காப்பி புரையேறியது. "யாரு பேசறது? நீயா?"

"ஊர் பூரா போதாது போதாதுன்னு சொன்னேன். ஒரு தடவையாவது நானா ஓட்டிப் பாத்திருக்கேனா சொல்லு."

அதன்பின் அவருடைய சனிக்கிழமைகளெல்லாம் ஆலைக்கே போயின. அறுபது வயதுக்கு மேல் நிரல் எழுதக் கற்றார். இயங்குதளத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். வேண்டிய துண்டு மட்டும் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு வரும், வேலை முடிந்ததும் அடுத்த துண்டு அதன் தலைமேலேயே வந்து உட்காரும். அப்படியும் இடம் போதவில்லை. தேதி காட்டும் பகுதியைத் தூக்கினார். தவறுகளை மரியாதையாக விளக்கும் வாக்கியங்களையும் தூக்கினார்.

"அங்க இவ்வளவு ஒழிச்சுக் கட்றியே, நம்ம கராஜுல ஒரே ஒரு பெட்டியக் கொறைக்க முடியாதா ஒன்னால?" என்று கேட்டாள் மனைவி கிளாடெட்.

ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை, அர்மாண்ட் முகப்புச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு ஓட்டினார். பதிலைத் தட்டச்சு செய்யும் டெலிடைப் எந்திரம் உடம்பெல்லாம் குலுங்கி, காகிதத்தில் ஒரு புள்ளி அடித்தது. 'தயார், சொல்லுங்கள்' என்று அர்த்தம். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதனிடம் சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லை. இடம் முழுக்க இயங்குதளமே அடைத்துக்கொண்டிருந்தது. மிச்ச இடத்தில் இரண்டு எண்களைக் கூட்டலாம். மூன்றாவது எண்ணுக்கு இடம் கிடையாது.

அக்டோபரில் கிளப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. டோனட், ஆப்பிள் சாறு, நல்ல கூட்டம். கைத்தடி ஊன்றிய ஓர் அம்மாள் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"இது எத்தனை கே?"

"நாலுதாங்க! வெறும் நாலு!" என்றார் அர்மாண்ட் மார்பை நிமிர்த்தி.

"நீங்க மிஸ்டர் கோடெட்தானே? நான் வினிஃப்ரெட் டட்டில். கார்வர் கிரான்பெர்ரி விவசாயிகள் சங்கம். என் காப்பியக் குடிச்சுக்கிட்டே எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

அர்மாண்டின் காது சிவந்தது. "நாலு போதாதுன்னு சொன்னேன்."

"சங்க நிர்வாகக் குழுவுல இருந்த அத்தனை பேர்கிட்டயும் சண்டை போட்டு இன்னொரு நாலு வாங்கினேன். புது லாரிய அதுக்காகத் தள்ளி வெச்சோம். இன்னிக்கு நீங்களே நாலுல ஓட்டிக் காட்டறீங்க. அப்ப என்னை ஏமாத்தினீங்களா?"

"இல்லீங்க மிஸஸ் டட்டில். இயங்குதளம் மட்டும்தான் ஓடும். உங்க சம்பளக் கணக்கெல்லாம் இதுல போட முடியாது."

"வேற என்ன போட முடியும்?"

அவர் கைக்குட்டையால் மெஷினின் மேல்மூடியைத் துடைத்தார். கூட்டம் டோனட்டோடு காத்திருந்தது.

"ஒண்ணும் முடியாதுன்னா இது எதுக்கு? உபயோகமில்லாத சாமானா?"

மெஷின் அவருக்குப் பின்னால் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அர்மாண்ட் ஒரு முறை திரும்பி அதைப் பார்த்தார்.

"உங்கள ஏமாத்தித்தாங்க வித்தேன்," என்றார்.

மிஸஸ் டட்டில் முகத்தில் பத்து வயது குறைந்தது. "எனக்கு அப்பவே தெரியும்!" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அடுத்த அறையில் இருந்தவர்களிடமும் போய்ச் சொன்னார்.

"பைத்தியமா நீ? சம்பளக் கணக்கு நாலுல ஓடியே இருக்காது. அந்தப் போர்டை மாட்டினவனே நான்தான்!" என்று ஸ்டான் குதித்தார்.

"தெரியும் ஸ்டான்."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்ன?"

"இத உபயோகமில்லாததுன்னு சொல்றாங்களே, கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

உள்ளூர் வாரப் பத்திரிகை படத்தோடு செய்தி போட்டது. சவப்பெட்டிக் கம்பெனிக்காரரின் மகன் போனில் திட்டினார். பங்குக் கோயில் நிதிக் குழுவில் பல வருடம் இருந்த அர்மாண்டைப் பங்குத்தந்தை தனியே அழைத்து, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொன்னார்.

"வேலை பாத்த காலம் பூரா நேர்மையா வித்தியே! ஒரு இரும்புப் பெட்டி மனசு நோகக் கூடாதுன்னு இப்படியா பேரைக் கெடுத்துப்ப?" என்று கிளாடெட் இறைச்சி வடையை மேஜையில் தொப்பென்று வைத்தாள்.

அவர் இரண்டு வடை தின்றார். குழுக் கூட்டம் இல்லாமற்போனதால் வியாழக்கிழமை மாலைகளிலும் ஆலைக்குப் போக ஆரம்பித்தார். கோடு போட்ட விற்பனையாளர் கால்சட்டையைக் கழற்றிவிட்டு, முழங்காலில் மையும் எண்ணெயும் படிந்த ஒன்றை மாட்டிக்கொண்டு விசிலடித்தபடியே கிளம்புவார்.

தமக்கை போன் செய்து, ஊரில் இப்படிப் பேசிக்கொள்கிறார்களே, நிஜமா என்று விசாரித்தபோது கிளாடெட் வாசலில் கார் கிளம்பும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஆமாக்கா, என் புருஷன் ஊரை ஏமாத்தினவராம். இத்தனை வருஷத்துல அவரை இவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல."