காத்திருப்பவர் ஒருவர்

கதை கட்டுகிற ஆள் இல்லை என் நாத்தனார். கணினி பழுது பார்த்துப் பிழைக்கிறவள். கண்ணால் கண்டதைத் தவிர வேறு பேசாதவள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது. ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை.

ஒரு டாக்டரின் கிளினிக். நோயாளிகள் போனிலேயே டோக்கன் எடுப்பதற்கான செயலி, அங்கேயே பின்னறைக் கணினியில் ஓடியது. அதை வெளியிலிருந்து எல்லோரும் திறக்க வேண்டுமானால், முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி வைக்க வேண்டும். வாசல் காவலாளி மாதிரி அது. வருகிறவர் கேட்பதை உள்ளே கொண்டுபோய், செயலியிடம் பதில் வாங்கி வந்து தரும். உள்ளே பதில் சொல்ல ஆளில்லை என்றால் ‘502’ என்று கையை விரித்துவிடும்.

விடுமுறை நாள், கிளினிக்கின் பின்னறையில் அவள் மட்டும். காலை பத்து மணியிலிருந்து 502தான். போர்ட் எண்ணை, அதாவது செயலியின் கதவு எண்ணை, மாற்றினாள்... 502. ப்ராக்ஸிக்கு எழுதிய கட்டளைகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள்... 502. சனியன் பிடித்த எண்! மதியச் சாப்பாடும் போச்சு.

டாக்டர் மூன்றாம் முறையாகப் போன் செய்தார்.

“ஆச்சாம்மா? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஜனங்க வந்துடுவாங்க.”

“ஆயிட்டே இருக்கு டாக்டர்.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மணி 2.10. எரிச்சலில் செயலியையே நிறுத்தினாள். பழக்கதோஷத்தில் கை தானாகப் பக்கத்தைப் புதுப்பித்தது.

பக்கம் திறந்தது.

செயலி ஓடவில்லை. இரண்டு முறை சரிபார்த்தாள். ஆனால் ப்ராக்ஸியின் பதிவில் ‘200’ என்று இருந்தது. அதாவது... உள்ளே கேட்டேன், பதில் கிடைத்தது.

யார் சொன்ன பதில்?

திரையில் ஒரே வரி. ‘காத்திருப்பவர்: 1’. கீழே ‘அடுத்தவர்’ என்ற பொத்தான்.

பக்கத்தை மூடிவிட்டுத் திறந்தாள். மறுபடி 1. வெளியிலிருந்து எவனோ விளையாடுகிறான் என்று இணையக் கேபிளைப் பிடுங்கினாள். அப்போதும் 1.

2.17. முன்கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது...

வாசலை அவள்தான் உள்பக்கம் பூட்டியிருந்தாள்.

“யாரு?”

இருமல். வறண்ட, பொறுமையான இருமல்.

பயமும் கடுப்புமாக, ‘அடுத்தவர்’ பொத்தானைத் தட்டினாள். கூடத்து ஒலிபெருக்கி அழைத்தது.

காலடி. ஒன்று... இரண்டு... மூன்று...

டாக்டர் அறைக் கதவு திறந்தது.

மூடியது.

திரையில் 502.

அந்தக் கதவைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மறுநாள் காலை 7.40. டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் திட்டவில்லை.

“போன வருஷம் பழைய டோக்கன் மெஷின் நின்னுபோச்சும்மா. ஒரு பெரியவர்... அவரைக் கூப்பிடவே இல்ல. நாற்காலியிலயே தூங்குறார்னு நெனச்சோம். சாயந்தரம் பூட்டப் போனப்பதான் தெரிஞ்சுது.”

“டாக்டர்... அவர் உள்ள போன சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்த சத்தம் கேக்கல.”

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

“நான் இப்போ அந்த ரூம்லதாம்மா இருக்கேன்.”