விமான நிலையத்தோடு நின்ற குர்பான் இறைச்சி

மக்காள், சவூதியில் இருந்தபோது ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்த குர்பான் இறைச்சி அனுப்பினதாக உங்கட உம்மா சொல்கிறா. உங்களுக்கோ அப்படி ஒன்று தின்ற நினைவே இல்லை. போன பெருநாளன்று நீங்கள் அதைக் கேட்டபோது நான் சோற்றுக் கோப்பையோடு எழும்பிப் போய்விட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் எங்கட வீட்டைக் கொண்டுபோன பிறகு உம்மா வீட்டு வேலைக்கு சவூதி போனா. உங்களை நிந்தவூரில் என் தங்கச்சியிடம், உங்கட மாமியிடம், விட்டுவிட்டு நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேலைக்கு வந்தேன். யுத்தம் முடிந்து ஆட்கள் வரத்துக் கூடியிருந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிற இறைச்சியோடு மாடுகளின் கால் வாய் நோயும் உள்ளே வர எவ்வளவு வாய்ப்பு என்று அங்கே ஒரு மிருக வைத்தியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சிங்களவர். பயணிகளிடம் கேட்டுப் படிவம் நிரப்ப அவருக்குத் தமிழ் கதைக்கிற ஒருவர் தேவைப்பட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பெரிய வேலை.

“இறைச்சி, பால், முட்டை ஏதும் இருக்கா?” இந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு தமிழ் என் வாயில் வராத நாட்கள் இருந்தன. அறைக்குப் போனால் அதுவும் இல்லை.

சவூதியிலிருந்து திரும்பும் எங்கட கரைப் பெண்கள் எல்லாரும் என்னை அண்ணனாக நினைத்து “இல்ல காக்கா” என்பார்கள். “எங்கட ஆக்கள் பொய் சொல்லமாட்டாங்க டொக்டர், ஆபத்துக் குறைவு எண்டு போடுங்க” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே சொன்னேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு காலையில் நிந்தவூர்ப் பெண் ஒருத்தி வந்தா. கேட்டேன். “இல்ல காக்கா” என்றவ, வெள்ளைத் துணியில் தைத்த பொதி ஒன்றை எடுத்து நீட்டினா.

“இது உங்கட பொஞ்சாதி தந்த. மேசைக்குப் பின்னால மூஞ்சத் தூக்கி வச்சிட்டு ஒராள் நிப்பாரு, அவர்தான் எண்டா. கண்ட உடனே விளங்கிட்டு.”

“உள்ள என்ன?”

“எனக்கென்ன தெரியும்? நம்பித் தந்த அமானிதத்தப் பிரிச்சிப் பாக்கிறயா?”

“வேற ஆக்கள்ற பொதியும் இருக்கா?”

“மூணு இருக்கி. ஒண்டையும் தொடல்ல.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கட சாமானுக்குத்தான் பதில் சொன்னார்கள். நான் நிரப்பின படிவங்கள் எல்லாம் பிழை.

தையலை வெட்டினேன். உங்கட உடுப்புகள். அடியில், பொலித்தீனில் சுற்றி, உப்பும் மிளகும் போட்டுக் காய வைத்த குர்பான் இறைச்சி. உம்மாட கைவாசம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

“ஒருத்தரும் பாக்கல்ல, பேக்குக்க வைங்க” என்றா அந்தப் பெண், மெல்ல.

வைத்திருப்பேன். ஆனால் உப்புக்கும் வெயிலுக்கும் எல்லாக் கிருமியும் சாகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாமி இறைச்சி கழுவின தண்ணியை மாட்டுத் தொட்டியில்தான் ஊற்றுவா. அந்த மாடு அறுவடை முடிந்த வயலில் ஊர் மாடுகளோடு மேயும்.

டொக்டரைக் கூப்பிட்டு இறைச்சியைக் காட்டினேன். “ஆபத்துக் குறைவு எண்டு நான் சொன்னது பிழை, எங்கட ஆக்கள் பிறர் தந்த பொதியக் கணக்கெடுக்கிறல்ல” என்றேன்.

“யார் அனுப்பினது?”

“என்ட பொஞ்சாதி.”

அவர் இறைச்சியைத் தன் கையில் வாங்கினார். “நீங்க போய் தேத்தண்ணி குடிங்க, நான் எரிக்கிறன்” என்றார். நான் போகவில்லை, எரிந்து முடியும்வரை நின்றேன். அந்தப் பெண்ணின் மற்றப் பொதிகளையும் பிரித்தோம். ஒன்றில் இறைச்சி இருந்தது. “ஊர் ஆள் எண்டுதானே உங்களுக்கிட்டச் சொன்ன” என்றுவிட்டு அவ, என் முகம் பார்க்காமல் போனா. அடுத்த நாளிலிருந்து படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: பிறர் தந்த பொதி உண்டா, உள்ளே என்னவென்று தெரியுமா?

பிறகு உம்மா போன் எடுத்து, “புள்ளயள் திண்டாங்களா?” என்று கேட்டா. “ஓம்” என்றேன். அந்தப் பொய்தான் இத்தனை காலம் உங்களுக்கும் உம்மாவுக்கும் நடுவில் கிடந்தது.

பொதி எரிந்த அன்று பின்னேரம் கடையில் ஊசியும் வெள்ளை நூலும் வாங்கினேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊருக்கு அனுப்ப உங்கட உடுப்புகளை மடித்து அடுக்கி, பிரித்தது தெரியாமல் உம்மாவின் தையல் போன துளைகளிலேயே ஊசியை விட்டுப் பொதியைத் தைத்து மூடினேன்.