காது கேளாத கிளாக்கர்

பதுளை ரெஸ்ட் ஹவுஸ் வழியாக இன்று காலை நடந்தபோது, வெண்ணெயில் கோழி வறுபடும் மணம் வந்து என்னை நிறுத்திவிட்டது. மற்றவர்களுக்கு உத்தியோகம் என்றால் மை மணக்குமாம். எனக்கு வறுத்த கோழிதான் மணக்கும்.

மிஷன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கணக்கெழுதும் கிளாக்கர் வேலை கேட்டுத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். என் மனுக்கள் எங்கே நின்றனவோ. கடைசியில் சித்தப்பாவுக்கே பொறுக்கவில்லை.

"எழுதிப் போட்டா எவன்டா படிப்பான்? ஆளைப் புடிக்கணும்."

அவர் பிடித்த ஆள், நமுனுகுலப் பக்கம் ஒரு துரை பங்களாவுக்குப் பாண் ரொட்டி கொண்டுபோகிறவர். "பையன் நல்லா எழுதுவான், யார் பேச்சுக்கும் போகமாட்டான்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பாண்காரர் பங்களாச் சமையல்காரர் சூசையிடம், "எழுதுவான், யார் பேச்சும் அவன் காதுல விழாது" என்றார். சூசை அதைத் துரையிடம் சேர்ப்பித்தபோது நான் முழுச் செவிடனாகியிருந்தேன்.

துரைக்கு ஒரே மகிழ்ச்சி. கிளாக்கருக்கு இங்கிலீஷ் தெரிந்தால் விருந்தாளியோடு மனம்விட்டுப் பேச முடியாதே. செவிடனென்றால் அந்தக் கவலை இல்லை. என்னை உடனே வரச் சொன்னார். போன அன்றே சூசை குசினிப் பக்கம் அழைத்துப்போய், தட்டில் ஒரு கோழிக்கால் வைத்தார்.

"தம்பி, உங்களுக்குக் காது கேக்காது. கேட்டுச்சுன்னா உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. சாப்புடுங்க."

மென்றுகொண்டே செவிடனானேன்.

விறாந்தையில் என் மேசை. கட்டளையெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள். முதுகுக்குப் பின்னால் நாய் குரைத்தாலும் திரும்பக் கூடாது. அந்த வித்தை எந்தப் பள்ளியிலும் கற்றுத்தருவதில்லை. மழையில் நனைவது கூலிகளுக்குப் பழக்கம் என்று சொன்ன வாயோடு, நாய் நனைந்துவிட்டதென்று துவாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் எங்கள் துரை. கேட்டதையெல்லாம் சூசையிடம் சொல்லிவிடுவேன். சூசை, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குச் சொல்லிவிடுவார்.

ஒரு மாலை ஹாலிஎலப் பக்கத்துத் துரை ஒருவர் வந்து தங்கினார். எங்கள் துரை அவரிடம் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு வேலைக்குக் கூப்பிடும் கொம்பை முன்னதாகவே ஊதச் சொல்லப் போகிறேன். பிந்தி வருகிறவர்களுக்கெல்லாம் அரைப்பேர்" என்றார். அரைப்பேர் என்றால், முழுநாள் வேலைக்குப் பாதிச் சம்பளம். என் கை எழுதிக்கொண்டுதான் இருந்தது. அன்றிரவே குசினிக்குப் போய்ச் சூசையிடம் சொன்னேன்.

மறுநாள் கொம்பு ஊதுமுன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டமே நின்றது. தூறலில், கூடையோடு, தூங்குகிற பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒருவருக்கும் அரைப்பேர் போட முடியவில்லை.

விறாந்தையில் காலைச் சாப்பாட்டின்போது துரை விருந்தாளியிடம் புலம்பினார்: "உங்களைத் தவிர யாரிடமும் நான் மூச்சு விடவில்லையே. கூட இருந்தது இந்தச் செவிடன் மட்டும்தான். ஊவா மாகாணத்திலேயே வாயடக்கமான ஆள் இவன் ஒருவன்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், மூக்கு வழியாக வெளியேறியது.

துரை கோப்பையைக் கீழே வைத்தார். மெல்லிய குரலில், "உனக்கு எப்போதிலிருந்து காது கேட்கிறது?" என்றார்.

"பிறந்ததிலிருந்து, சார்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்த மிஷன் பள்ளிப் புத்தி.

மத்தியானத்துக்குள் என் பெட்டி மாட்டுவண்டியில் ஏறியது. சூசையைத் துரை விரட்டவில்லை. கிளாக்கர்மார் ஊரெல்லாம் கிடைப்பார்கள். அப்படிக் கோழி வறுக்க ஆள் கிடைக்குமா?

ஊருக்குத் திரும்பினேன். தெருவே என்னைப் பார்த்துக் கையைக் காதருகே வைத்துக் காட்டியது. சில நாளில் பாண்காரர்தான் செய்தியோடு வந்தார்: "ஹாலிஎலத் தொரைக்கு அந்தக் காது கேக்குற கிளாக்கர்தான் வேணுமாங்க."

போனேன். அன்று விருந்தாளியாக வந்து தங்கிய அதே துரைதான். கதவைச் சாத்திவிட்டு, ஒரு கிளாக்கருக்கு நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"உன் பழைய துரை என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்வார்?"

சொல்லியிருந்தது கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் நினைவிலும் இருந்தது.

"மன்னிக்கணும், சார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

தன் பேச்சும் என்னிடமிருந்து வெளியே போகாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வேலை கொடுத்தார். அங்கேயே தலை நரைத்தேன்.

இப்போது ரயில் பதுளைக்கே வருகிறது. வேலை காலி என்றால் பத்திரிகையில் அச்சடித்துப் போடுகிறார்கள். சூசை போய்ச் சேர்ந்துவிட்டார். துரைமாரும் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள், உள்ளறையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். குசினிக்கு ஒரு சொல்லும் வருவதில்லை. வினை வாசலுக்கு வந்த பிறகுதான் லயத்துக்குத் தெரிகிறது.